அஞ்சலிக்கு வயது போகவில்லை

மணிரத்னத்தின் 'அஞ்சலி'யை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை 1992இல். ஊரைவிட்டு எழும்பி வந்து, திருகோணமலை டவுனில் சாச்சி வீட்டு விறாந்தையில் ஒண்டிக்கொண்டிருந்த காலம். ஒரு பெருநாள் இரவு பக்கத்து வீட்டுக்காரர் டெக் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் டி.வி.யை வைத்து, தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் தடவை என் பிள்ளைகள் சிறுசாக இருக்கையில் டி.வி.யில். மூன்றாம் தடவை இக்கட்டுரைக்காக, குச்சவெளியில் என் வீட்டு ஹோலில், பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த மகளோடு. மூன்று தடவையும் எனக்குப் பக்கத்தில் தம்பி இருந்தான். முதல் தடவை அவனுக்குப் பதின்மூன்று வயது. இப்போது நாற்பத்தாறு. தாடியில் நரை விழுந்துவிட்டது. படத்தில் வரும் அஞ்சலிக்கு மட்டும் வயது போகவேயில்லை.

தம்பி பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவன். படிவங்களில் இப்போது 'விசேட தேவையுடையவர்' என்று எழுதுகிறோம். சின்ன வயதில் ஊரில் கேட்ட சொல் வேறு. அதை இங்கு எழுத எனக்கு மனம் வரவில்லை, வாசகர்களுக்கு அது தெரியாததுமல்ல. ஒருவனைப் பற்றி எழுத வந்தவள் ஏன் சினிமாவைப் பற்றி எழுதுகிறாள் என்று கேட்கலாம். இப்படியான ஒரு பிள்ளையின் கூடப்பிறந்தவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடமுமல்ல, பயானுமல்ல, 'அஞ்சலி'தான். ஆகவே அந்தப் படத்தோடு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

படம் 1990 ஜூலையில் வெளியானது. இளையராஜாவின் ஐந்நூறாவது படம். இந்திய தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தெரிவானது. பேபி ஷாமிலி, தருண், ஸ்ருதி ஆகிய மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்தே சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான விருது கிடைத்தது. மூவருக்கும் சேர்த்துக் கொடுத்தது நியாயம். ஷாமிலியை எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் படத்தின் பாரத்தைத் தூக்கியவர்கள் அண்ணன் அர்ஜுனாக வந்த தருணும் அக்கா அனுவாக வந்த ஸ்ருதியும்தான்.

கதையை நினைவூட்டத் தேவையில்லை, ஆனாலும் இரண்டொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது பிள்ளை செத்துப் பிறந்ததாகச் சேகர் (ரகுவரன்) தன் மனைவி சித்ராவுக்கு (ரேவதி)ச் சொல்கிறான். உண்மையில் பிள்ளை உயிரோடு இருக்கிறது. மூளை வளர்ச்சி குறைந்தது, நீண்ட காலம் உயிர்வாழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை ஓர் இல்லத்தில் மறைத்து வைத்து ஒளித்து ஒளித்துப் போய்ப் பார்க்கிறான். புருஷனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு என்று சித்ரா சந்தேகப்படுகிறாள். அந்தச் சந்தேகம் உடைந்து, அஞ்சலி வீட்டுக்கு வருகிறாள். அர்ஜுனுக்கும் அனுவுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. கிட்ட வந்தால் தள்ளிவிடுகிறார்கள். குடியிருப்புப் பிள்ளைகளின் கேலி அவர்களைத் தின்கிறது. பிறகு, தங்கச்சியைக் கேலி செய்தவர்களோடு அர்ஜுன் மல்லுக்கு நிற்கும் இடத்தில் எல்லாம் மாறுகிறது. அஞ்சலி எல்லோருக்கும் செல்லமாகிறாள். ஒரு காலையில் கண் விழிக்காமலே போய்விடுகிறாள்.

இதில் முதற் பாதிக்கு நான் இன்றைக்கும் தலை வணங்குவேன். கூடப்பிறந்த பிள்ளைகளுக்கு வெறுக்கும் உரிமையைக் கொடுத்த தமிழ்ப்படம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். 'நம்மட புள்ள' என்று தாய் கட்டிப்பிடிக்கிற அதே நேரம், தங்கள் பங்கு உம்மா எங்கே போனா என்று இரண்டு பிள்ளைகள் மூலையில் நின்று பார்க்கிறார்கள். வீட்டுக்கு யாரும் கூட்டாளிமார் வரக்கூடாதே என்ற பதைப்பு, வந்தால் எந்த அறைக் கதவைச் சாத்துவது என்ற கணக்கு, தாய் திரும்பாத நேரத்தில் ஒரு தள்ளு. எனக்கு எல்லாம் தெரியும். நான் தள்ளியிருக்கிறேன். ஒரு தடவை கிணற்றடியில் தம்பியின் கையை என் பாவாடையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, கூட்டாளிகளோடு ஓடிப் போயிருக்கிறேன். அன்றிரவு அவன் ஒன்றும் நடக்காதது போல என் பாயில்தான் வந்து படுத்தான். அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

1992இல் அந்த முற்றத்தில் படம் பாதி போனதும் சனம் திரையைப் பார்ப்பதும் திரும்பி எங்களைப் பார்ப்பதுமாக இருந்தது. தம்பி பாட்டு வரும்போதெல்லாம் கையைத் தட்டிச் சிரித்தான். நான் தாவணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அஞ்சலி மௌத்தானபோது பொம்புளைகள் எல்லோரும் ஓவென்று அழுதார்கள். படம் முடிந்து, ஒரு பெரியம்மா வந்து தம்பியை அணைத்து நெற்றியில் கொஞ்சினா. "பாரு புள்ள, இவன எப்பிடிப் பாக்கோணும் நீ" எண்டு எனக்குச் சொன்னா. அடுத்த நாள் காலை குழாயடியில் அதே பெரியம்மா, "இவன அங்கால கூட்டிட்டுப் போ மகள், தண்ணிய ஊத்துறான்" எண்டா. அவவைக் குறை சொல்ல நான் வரவில்லை. படம் அவவிடம் கேட்டது ஓர் இரவுக்கான கண்ணீரைத்தான். அதை அவ குறையில்லாமல் கொடுத்துவிட்டா.

படத்தின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அஞ்சலி சாக வேண்டும் என்பது கதையின் முடிவில் தீர்மானிக்கப்பட்டதல்ல. பிறந்த அன்றே டாக்டரின் வாயால் எழுதி வைக்கப்பட்டது. அர்ஜுனும் அனுவும் அன்பு செலுத்தத் தொடங்கும்போது பார்வையாளர்களாகிய எங்களுக்குத் தெரியும், இது கொஞ்சக் காலத்துக்குத்தான். அவள் பெரியபிள்ளையாகப் போவதில்லை. அவளுடைய துணியை அலசப் போவது யார் என்ற கேள்வி வராது. அனுவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அஞ்சலியை எட்டிப் பார்க்கப் போவதில்லை. தாயும் தகப்பனும் கண்ணை மூடிய பிறகு அஞ்சலி யாருடைய வீட்டில் என்று அர்ஜுனின் மனைவி ஒரு நாளும் கேட்கப் போவதில்லை. படம் கூடப்பிறந்தவர்களிடம் பாசத்தைக் கேட்டது. இடத்தைக் கேட்பதற்கு முன்னர் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டுவிட்டது. இது மணிரத்னம் செய்த குற்றம் மட்டுமல்ல. அறிவு வளர்ச்சி குறைந்தவரைத் தமிழ்ச் சினிமா எங்கெல்லாம் நடுவில் வைத்ததோ, அங்கெல்லாம் கூடப்பிறந்தவரை ஓரங்கட்டியே வைத்தது. 'பதினாறு வயதினிலே' சப்பாணிக்கு யாருமில்லை. 'சிப்பிக்குள் முத்து'வில் கமலுக்கு இருப்பது ஒரு பாட்டி. 'தெய்வத்திருமகள்', 'பேரன்பு' இரண்டும் ஒரு தகப்பனும் ஒரு மகளும். ஒற்றை மரத்தைப் படம் பிடிப்பது லேசு. தோப்பைப் பிடித்தால் வேலி எது, எல்லை எது என்ற பேச்சு வந்துவிடும்.

எங்கள் சனத்திடம் இதே வேலையைச் செய்கிற இன்னொரு சொல் உண்டு: "அவன் சொர்க்கத்துப் புள்ள." இதற்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கிறது. தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை, இம்மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்திலான ஹதீஸ் அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் வருகிறது. சட்ட அறிஞர்கள் இதிலிருந்து கட்டியது பொறுப்புப் பற்றிய ஒரு பெரிய கட்டடம்: யார்மீது கடமை, யாருடைய கொடுக்கல் வாங்கல் செல்லும், யார் யாருக்குப் பொறுப்பாளி. நாங்கள் அதிலிருந்து எடுத்தது ஒரு ஆறுதல். அவனுக்குக் கேள்வி கணக்கில்லை என்பது அவனைப் பற்றிய செய்தி. அதை எங்களைப் பற்றிய செய்தியாக மாற்றி, எங்களுக்கும் கேள்வி கணக்கில்லை என்று நிம்மதியாகிவிட்டோம். மலக்கு மாதிரி ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டால் போதும். மலக்குக்குக் காணி உறுதி எதற்கு?

காணி உறுதி என்று எழுதிவிட்டேன். இனி அந்தப் பக்கம் போகாமல் முடியாது.

கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றை மையமாக வைத்து டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூலில், கிழக்குக் கரையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பொதுவாக இருக்கும் இந்தச் சீதன வீட்டு முறையை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பெண்ணுக்குக் கிடைத்த பாக்கியம். உண்மைதான், புருஷன் வெளியே போ எண்டு சொல்ல முடியாத வீடு. ஆனால் இந்த முறைக்குள் அறிவு வளர்ச்சி குறைந்த ஒரு ஆண்பிள்ளை எங்கே போவான் என்பதை நான் எந்த ஆய்விலும் வாசித்ததில்லை. அவன் மாப்பிள்ளையாகி இன்னொரு வீட்டுக்குப் போக மாட்டான். உம்மா வாப்பாவோடு இருப்பான். அவர்களோ கடைசியில் ஏதாவது ஒரு மகளின் வளவுக்குள்தான் இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 1996இல் எனக்குக் கலியாணம். வாப்பா ரோட்டோரத்துத் தென்னங்காணியை விற்று எனக்கு இரண்டு அறை வீடு கட்டினார். நாலு வருடம் கழித்து மிச்சக் காணியில் தங்கச்சிக்கு. என் வீட்டோடு சேர்ந்து தம்பியும் வந்தான், ஆட்டுக்கொட்டிலும் கிணறும் வந்தது போல. யாரும் என்னைக் கேட்கவுமில்லை, அவனைக் கேட்கவுமில்லை.

வாப்பா மௌத்தான பிறகுதான் நான் கணக்குப் பார்த்தேன். இலங்கையில் முஸ்லிம்களின் மரண சாசனமற்ற உரித்து 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி ஷரீஆவின் பாகப்பிரிவினையைப் பின்பற்றுகிறது. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகனுடைய அறிவு எவ்வளவு என்று சட்டம் கேட்பதில்லை; அவனுடைய பங்கு ஒரு சதமும் குறையாது, அதை ஆள ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவ்வளவுதான். வாப்பாவின் தாய் தகப்பன் முன்னரே போய்விட்டார்கள். காணி விற்கப்படாமல் இருந்திருந்தால் உம்மாவின் எட்டில் ஒன்று போக, மிச்சத்தில் சரிபாதி தம்பியுடையது. மற்றப் பாதிதான் எனக்கும் தங்கச்சிக்கும். ஆனால் பிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. வாப்பா உயிரோடு இருக்கும்போதே எல்லாம் எங்கள் இரண்டு பேரின் பெயருக்கு நன்கொடை உறுதியாகிவிட்டது. ஹலாலான காரியம்தான், தன் சொத்தை உயிரோடு இருக்கையில் யாருக்கும் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதமாக நடக்கச் சொல்லும் ஹதீஸ் ஒன்றும் இருக்கிறது என்பதை எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சுக்களில் ஒருவரும் எடுப்பதில்லை. ஆண்பிள்ளைகள் உழைத்துக்கொள்வார்கள் என்பது அதற்கான சமாதானம். உழைக்க முடியாத ஆண்பிள்ளைக்கு என்ன சமாதானம்?

இந்த இடத்தில் என் மகள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபோக்னர் 1929இல் வெளியிட்ட 'த சவுண்ட் அன்ட் த ஃபியூரி'. வாசிக்க லேசான நாவலல்ல. முதற் பகுதி முழுவதும், முப்பத்து மூன்று வயதான பென்ஜி என்ற அறிவு வளர்ச்சி குறைந்த மனிதனின் மனவோட்டம். அவனுக்கு நேற்றும் இருபது வருடத்துக்கு முந்தியதும் ஒன்று. மகள் பக்கத்தில் இருந்து சொல்லித்தராவிட்டால் நான் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்திருப்பேன். ஆனால் முதற் காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. பென்ஜி ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு, அங்கால் கோல்ஃப் விளையாடுகிறவர்களைப் பார்க்கிறான். மட்டைப்பை தூக்குகிற பையனை அவர்கள் 'கேடி' என்று கூப்பிடும்போதெல்லாம் அலறுகிறான். அவனுடைய சகோதரியின் பெயர் கேடி. அவனை நேசித்த ஒரே சகோதரி, வீட்டை விட்டுப் போனவள். வேலிக்கு அங்கால் இருக்கும் நிலம் ஒரு காலத்தில் பென்ஜியின் மேய்ச்சல் நிலம் என்று வீட்டில் சொல்லப்பட்டது. ஒரு மகன் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கவும், கேடிக்குச் சிறப்பாகக் கலியாணம் செய்யவும் தகப்பன் அதை விற்றார்.

விமர்சகர்கள் இந்தத் தொடக்கத்தை நினைவோட்ட உத்திக்காகப் புகழ்கிறார்கள். நான் அதில் பார்த்தது ஒரு காணி விற்பனையை. பாசமுள்ள சகோதரியின் கலியாணத்துக்கு, பாசத்தைத் தவிர வேறொன்றும் கேட்கத் தெரியாத சகோதரனின் நிலம். கேடி நல்லவள், நாவலில் அவளைப் போல யாரும் அவனை விளங்கிக்கொள்ளவில்லை. இருந்தும் அந்த நிலம் அவளுக்காகத்தான் போனது. ஃபோக்னர் இதற்கு யாரையும் நீதிமன்றத்தில் ஏற்றவில்லை. பென்ஜியை வேலியருகில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பின்னாளில் நாவலுக்கு எழுதிச் சேர்த்த பின்னிணைப்பில், தாய் இறந்த பிறகு 1933இல் அண்ணன் ஜேஸன் பென்ஜியை ஜாக்ஸன் நகர மனநோயாளர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். 'அஞ்சலி' தயங்கி நின்ற வாசலைத் தாண்டி இந்த நாவல் உள்ளே போகிறது. தாய் தகப்பன் போன பிறகு என்ன, வீடு யாருக்கு, காணி எங்கே. அதே வீட்டில் பென்ஜிக்குச் சோறு தீத்தி, குளிப்பாட்டி, பள்ளிக்குக் கூட்டிப் போகிறவள் கறுப்பினச் சமையற்காரி டில்ஸி என்பதையும் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவர்கள் கைவிட்டதைக் கூலிக்கு வந்தவர்கள் தூக்கியது அங்கு மட்டும் நடந்த கதையல்ல.

ஃபோக்னரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. நாவலில் பென்ஜிக்கும், மற்ற இரு சகோதரர்களுக்கும் தனித்தனியே ஒவ்வொரு பகுதி கிடைக்கிறது. கேடிக்குக் கிடையாது. சகோதரி பேசவே இல்லை. அவளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

சகோதரி பேசுகிற நாவல் ஒன்று, 'அஞ்சலி' வந்த அதே 1990இல், ஜப்பானில் வெளிவந்தது. கென்ஸாபுரோ ஓஎயின் 'அமைதியான வாழ்வு' என்று பெயரைத் தமிழாக்கலாம். ஓஎக்கு 1963இல் மூளைப் பாதிப்போடு ஒரு மகன் பிறந்தார். ஹிகாரி என்ற அந்த மகன் பின்னர் இசையமைப்பாளரானது உலகறிந்த செய்தி. 1994இல் ஓஎக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்தத் தகப்பன்-மகன் கதையைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தகப்பனின் கதையை அவர் முன்னரும் பல நூல்களில் எழுதியவர். ஆனால் இந்த நாவலில் கதை சொல்வது மா-சான் என்ற இருபது வயது மகள். தகப்பனும் தாயும் கலிபோர்னியாவுக்குப் போய்விடுகிறார்கள். அண்ணனை (வீட்டில் கூப்பிடும் பெயர் ஈயோர்) பார்த்துக்கொள்ள வேண்டியது அவள். தொடக்கத்திலேயே கலியாணப் பேச்சு வருகிறது. தான் கலியாணம் முடித்தால் ஈயோரும் கூட வருவான், ஆகவே இரண்டு அறையாவது உள்ள ஃபிளாட் எடுக்கக்கூடிய மாப்பிள்ளை வேண்டும், அங்கே அமைதியாக வாழ வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

இரண்டு அறை! இதை வாசித்தபோது நான் சிரித்துவிட்டேன். எனக்கு வாப்பா கட்டித்தந்ததும் இரண்டு அறைதான். ஒரு அறையில் நானும் இவரும், மற்றதில் உம்மாவும் தம்பியும். பிள்ளைகள் பிறந்த பிறகு ஹோலில் பாய். மா-சானுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்: அவள் மாப்பிள்ளையிடம் வீடு கேட்க வேண்டியிருந்தது, நான் வீட்டைக் காட்டி மாப்பிள்ளை கேட்டேன். இவர் வந்த முதல் வாரத்தில், "அவன் ராவையில கதவத் தட்டாம இரிந்தாக் காணும்" எண்டு மட்டும் சொன்னார். அதற்கு மேல் இன்று வரைக்கும் ஒன்றும் சொன்னதில்லை. அதற்கு நான் நன்றியுடையவள். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பெண் முப்பது வருடம் நிற்பதும் ஒரு வேலைதான்.

நாவலில் என்னை உலுக்கிய இன்னொரு பகுதி உண்டு. மா-சானின் வட்டாரத்தில் யாரோ ஒருவன் சிறு பெண்பிள்ளைகளிடம் சேட்டை விடுகிறான் என்ற கதை பரவுகிறது. ஈயோராக இருக்குமோ என்று தங்கைக்கே சந்தேகம் வருகிறது. அவன் பின்னாலேயே ஒளித்துப் போய்ப் பார்க்கிறாள். அவன் இல்லை. இந்தச் சந்தேகத்தை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். இப்படிப்பட்ட மனிதனுக்கும் உடம்பு வளரும், மீசை வரும், ஊரார் பெண்பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அவனுடைய சகோதரி வெளியே சண்டை பிடித்துவிட்டு, இரவில் தனியாக நினைத்துப் பார்ப்பாள். தம்பிக்குப் பதினேழு வயதில் நானும் ஒரு பின்னேரம் கடற்கரைப் பக்கம் அவன் பின்னால் போனேன். அவன் கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்து, அவர்கள் 'ஏலேலோ' சொல்லும்போது தானும் சொல்லிக்கொண்டு நின்றான். நான் வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. 'அஞ்சலி'யில் இதற்கு இடமேயில்லை, மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் ஓஎயையும் அப்படியே விட்டுவிட முடியாது. மா-சானின் குரலில் எழுதியவர் மகள் அல்ல, தகப்பன். அண்ணனைக் கூட்டிக்கொண்டே கலியாணம் முடிப்பேன் என்று ஒரு மகள் சொல்வதைக் கேட்க எந்தத் தகப்பனுக்கும் ஆசையாகத்தான் இருக்கும். நோபல் பரிசு எழுத்தாளராக இருந்தால் அதை அவளுடைய வாயாலேயே எழுதியும் வைக்கலாம். நாவலின் தகப்பன் தன் மனக்கலக்கத்தைச் சுமந்துகொண்டு வெளிநாடு போகிறார். போகுமிடத்தில் அவருக்கு எழுத ஒரு மேசை இருக்கிறது. மகள் வீட்டில் இருந்து நாட்குறிப்பு எழுதுகிறாள். அதையும் அவரே எழுதுகிறார். நாவல் இதைத் தெரியாமல் செய்யவில்லை, மா-சானுக்குத் தகப்பன்மீது இருக்கும் கோபம் அங்கங்கே முள்ளாகக் குத்துகிறது. என்றாலும், அந்த மகள் தன் கையால் எழுதியிருந்தால் 'அமைதியான வாழ்வு' என்ற பெயர் வந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

எங்கள் பக்கம் அந்த மகள்மார் எழுதவேயில்லை. கிழக்கில் முஸ்லிம் பெண்கள் கவிதை எழுதுகிறார்கள், போரைப் பற்றி, இடப்பெயர்வைப் பற்றி, கலியாணத்தைப் பற்றி நல்லாவே எழுதுகிறார்கள். மற்ற அறையில் இருப்பவனைப் பற்றி எழுதினால் அது வீட்டைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்ற பயம். எனக்கும் இருந்தது. இந்தக் கட்டுரையில் அவனுடைய பெயர் இல்லாததற்கும் அதுதான் காரணம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில், இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானோர் ஏதாவதொரு வகை இயலாமையோடு வாழ்வதாகக் கண்டார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று கூடப்பிறந்தவர்கள் என்று வைத்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய சனத்தொகைக்கு எங்கள் இலக்கியத்தில் ஒரு கதாபாத்திரம் கிடையாது.

சட்டம் இலக்கியத்தைவிட ஓரடி முன்னே நிற்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, சொத்தை வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. எங்களுக்கு இது புதினமல்ல. சூரா நிஸாவின் ஐந்தாவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். வாழ்வுக்கு ஆதாரமாக ஆக்கப்பட்ட செல்வத்தை விவேகம் குறைந்தோர் கையில் ஒப்படைக்க வேண்டாம் என்று அது தொடங்குகிறது. ஊரில் இதை ஓதிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். வசனம் நிற்கவில்லை: அதில் அவர்களுக்கு உணவளியுங்கள், உடுத்துங்கள், நல்ல சொல் சொல்லுங்கள் என்று போகிறது. 'அதிலிருந்து' என்று வராமல் 'அதில்' (பீஹா) என்று வந்திருப்பதை ஸமக்ஷரீ, ராஸீ போன்ற முஃபஸ்ஸிர்கள் கவனித்திருக்கிறார்கள். முதலை எடுத்துச் செலவழித்துத் தீர்க்காமல், அதைப் பெருக்கி, வரும் இலாபத்தில் அவர்களைப் பராமரியுங்கள் என்பது அவர்கள் எடுத்த விளக்கம். ஓர் எழுத்து வேற்றுமையில் இவ்வளவு பெரிய பொருளாதாரத்தைக் கண்ட அந்த அறிஞர்களைச் சிறந்த விமர்சகர்கள் என்றே நான் சொல்வேன். தென்னங்காணி இருந்திருந்தால் தேங்காய் விற்ற காசில் தம்பி சாப்பிட்டிருப்பான். என் சோற்றை அல்ல, தன் சோற்றை.

மூன்றாம் தடவை 'அஞ்சலி' பார்த்து முடிந்ததும் மகள் அழவில்லை. "உம்மா, இது நடந்து பத்து வருசத்துக்குப் பிறகு அனு எப்பிடி இரிப்பா?" எண்டு கேட்டாள். அவள் சும்மா கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பேச்சு வந்திருக்கிறது, நல்ல குடும்பம். பார்க்க வந்த பெண்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, வீடு மகளுக்குத்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அப்புறம் மெதுவாக, "அந்த மாமா ஆரோட இரிப்பாரு?" எண்டு கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. 1996இல் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்னர் மகள் எழும்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த கிழமை நான் நொத்தாரிசிடம் போனேன். வளவின் பின்பக்கத்து ஆறு பேர்ச்சைப் பிரித்து, கிணற்றுப் பாதையோடு தம்பியின் பெயருக்கு எழுத வேண்டும், பொறுப்பாளராக ஒருவரல்ல இருவர் இருக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவருக்குப் பிறகு எப்பிடியும் உங்கட புள்ளைகளுக்குத்தானே வரும், என்னத்துக்கு இந்தச் செலவு?" எண்டார். தங்கச்சியும் அதைத்தான் சொன்னாள், கொஞ்சம் கோபமாக. அவளுடைய கோபம் விளங்குகிறது, நான் எழுதினால் அவளும் எழுத வேண்டுமல்லவா.

சேவையர் வந்து அளந்து, நாலு மூலைக்கும் சிவப்புப் பூசிய கட்டை அடித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் தம்பி நாலையும் பிடுங்கிக் கழுவிக் கொண்டுவந்து, வாசற்படியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "ராத்தா, இந்தா" எண்டான். சேவையர் இன்னொருக்கா வர வேண்டும். அதற்கும் காசு கேட்கிறார்.